தூணே விளக்கேந்தும் திருவட்டாறு

சிற்பம் எங்கே முடிகிறது, கட்டடம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்டச் சொன்னால், கன்னியாகுமரி மாவட்டத்துத் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் அதைச் செய்வது எளிதன்று. அங்கே தூண் ஒரு பெண்ணாக நின்று விளக்கேந்துகிறது. மண்டபத்தின் தளம் ஒரே கல்லாகப் பெருமாளின் முன் கிடக்கிறது. பெருமாளோ உளியால் செதுக்கப்பட்டவர் அல்லர், வீடு எழுப்புவோர் சுவரை எழுப்பும் முறையில் படிப்படியாகக் கட்டி எழுப்பப்பட்டவர். கும்பிடப் போன இடத்தில் தூணையும் கூரையையும் பார்த்துக்கொண்டு நிற்பது பக்திக்குக் குறைவு என்று எண்ணுபவர்கள் உண்டு. சிற்பியும் தச்சரும் ஓவியரும் அங்கே செய்துவைத்த ஒவ்வொன்றும் நம்மைப் பெருமாளிடம் அழைத்துச் செல்வதற்காகவே செய்யப்பட்டது என்பதால், அவற்றை நின்று பார்ப்பதும் வழிபாட்டின் ஒரு பகுதியே என்பது என் உறுதியான எண்ணம்.

வைணவர் போற்றும் 108 திவ்ய தேசங்களில் மலைநாட்டுத் (சேரநாட்டு) திருப்பதிகள் என்று எண்ணப்படும் 13 தலங்களுள் திருவட்டாறும் ஒன்று. நம்மாழ்வார் திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் இப்பெருமாளைப் பாடியிருக்கிறார். 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணையும் வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரின் கீழும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியின் கீழும் இருந்தது. எனவே கல்வேலையில் பாண்டிநாட்டு வழியும், மரவேலையிலும் பூசை முறையிலும் மலைநாட்டு வழியும் இங்கே ஒரே மதிலுக்குள் கூடியிருக்கின்றன. கேரள எல்லைக்குள் பாறசாலைப் பக்கம் வாழும் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களுக்கு இது அயலூர்க் கோயில் அன்று. களியக்காவிளையைத் தாண்டிக் குழித்துறை வழியாக மார்த்தாண்டம் சென்றால், அங்கிருந்து சிறிது தொலைவுதான்.

இம்முறை என்னோடு பெரியப்பா வந்திருந்தார். கூரை வேலையிலும் கதவு வேலையிலும் வாழ்நாளைக் கழித்த தச்சர் அவர். கோதையாறும் பரளியாறும் ஊரைச் சுற்றி வந்து மூவாற்றுமுகத்தில் கூடுகின்ற நிலத்தில், வெள்ளம் எட்டாத மேட்டின் மேல் கோயில் நிற்கிறது. படியேறி உள்ளே நுழைந்ததும் நேராகக் கருவறையை நோக்கி நடக்கத் தொடங்கிய என்னைப் பெரியப்பா நிறுத்தினார். "அவசரப்படாதே மக்களே. முதல்ல சுத்தி வா. சுத்தி வந்தவனுக்குத்தான் உள்ள இருக்கது தெரியும்" என்றார்.

சுற்றிவரும் பிராகாரத்தில் 224 கல்தூண்கள் இருக்கின்றன. ஒவ்வொரு தூணின் முகப்பிலும் தீபலட்சுமி ஒருத்தி இரு கைகளிலும் அகலை ஏந்தி நிற்கிறாள். ஒருத்தியைப் போல் மற்றொருத்தி இல்லை என்று ஊரில் சொல்வார்கள். அதைப் பார்த்தறியும் ஆவலில் ஒரு பக்கத்துப் பிராகாரம் முழுவதும் கூந்தல் முடிப்பை மட்டும் கவனித்துக்கொண்டே நடந்தேன். ஒருத்திக்குக் கொண்டை பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது. அடுத்தவளுக்கு உச்சியில் கூம்பி நிற்கிறது. மற்றொருத்தியின் பின்னல் தோளுக்குப் பின்னால் இறங்குகிறது. காதணியின் கனத்தில் தொங்கும் காது மடல், இடையில் சுற்றிய ஆடையின் மடிப்பு, பாதத்தின் நிலை என ஒவ்வொன்றிலும் சிற்பி தன் விருப்பத்துக்கு இடம் கண்டுபிடித்திருக்கிறார். ஆனால் அகல் இருக்கும் உயரம் மட்டும் வரிசை முழுவதும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கிறது. சிற்பிக்கு எங்கே உரிமை உண்டு, எங்கே இல்லை என்பதைக் கட்டடம் முடிவு செய்திருக்கிறது.

இந்தப் பெண்கள் தூணின்மேல் பொருத்தப்பட்டவர்கள் அல்லர். கூரையின் பாவுகற்களைத் தாங்கும் அதே கல்லின் முன்புறத்தில்தான் உருவம் வெளிப்படுகிறது. முதுகுப்புறத்தில் எவ்வளவு கல்லை விட்டுவைத்தால் கூரையின் பாரம் நிற்கும், முன்புறத்தில் எவ்வளவு கல்லை அகற்றினால் தோளும் முழங்கையும் விடுபட்டு நிற்கும் என்ற இரண்டு கணக்குகளையும் ஒருவரே போட்டிருக்க வேண்டும். அந்த அகல்கள் வெறும் உருவங்களும் அல்ல. எண்ணெய் நிற்கும்படி குழியப்பட்டவை. எல்லா அகலிலும் திரியிட்டு ஏற்றும் நாளில், பிராகாரம் முழுவதற்கும் ஒரே இடைவெளியில், ஒரே உயரத்தில் வெளிச்சம் கிடைக்கிறது. அப்போது ஒவ்வொருத்தியின் முகமும் தன் கையில் உள்ள சுடரால் கீழிருந்து ஒளிபெறுகிறது. இமையின் கீழ் விளிம்பும் உதட்டின் வளைவும் அந்த ஒளியை எண்ணியே இவ்வளவு ஆழமாக வெட்டப்பட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மேலிருந்து விழும் குழல்விளக்கின் வெளிச்சத்தில் அதே முகங்கள் தட்டையாகிவிடுகின்றன. விழா நாள்களிலேனும் மின்விளக்கை அணைத்து அகல்களை மட்டும் எரியவிட்டால், இந்தப் பிராகாரம் எதற்காகக் கட்டப்பட்டதோ அது மீண்டும் நிகழும்.

பலிபீட மண்டபத்துத் தூண்களில் உருவங்கள் ஆளுயரத்துக்கு எழுகின்றன. வேணுகோபாலன், ரதி, மன்மதன், இலக்குவன், இந்திரசித்து என நிற்கும் அவற்றின் அருகே வந்ததும் நடை தானாகத் தளர்கிறது. பிராகாரத்தில் ஒரே அளவில் வரிசையாக வந்த உருவங்கள் இங்கே திடீரெனப் பெரிதாகி, தூணைவிட்டு முன்னோக்கி வருவதற்குக் காரணம் உண்டு: சுற்றி நடக்க வேண்டிய இடம் முடிந்து, நிற்க வேண்டிய இடம் இங்கே தொடங்குகிறது. பெரியப்பாவின் கண் கல்லில் நிற்கவில்லை. தலையை அண்ணாந்து மரக்கூரையைப் பார்த்தார். "தூண எல்லாரும் பாப்பாவ. மேலே உத்தரத்த நோக்கு. பாரம் எறங்குற எடத்துல செதுக்கு கொறவு, பாரம் இல்லாத எடத்துல நெறய" என்றார். அவர் சொன்னபடி பார்த்தபோது, விட்டத்தின் நடுப்பகுதியும் பலகைகளும் பூவும் கொடியுமாக நிறைந்திருக்க, இணைப்பு விழும் முனைகளில் வேலை அடங்கி மரத்தின் திண்மை வெளிப்படையாக இருந்தது. மரத்தின் பலம் எங்கே வேண்டும் என்று அறிந்த கை மட்டுமே இப்படிச் செதுக்க முடியும்.

கருவறைக்கு முன்னால் ஒற்றைக்கல் மண்டபம் இருக்கிறது. சுமார் 18 அடி அகலமும் 3 அடி உயரமும் கொண்ட ஒரே பாறை அது. திருவனந்தபுரத்துப் பத்மநாப சுவாமியின் முன்பும் இதேபோன்ற ஒற்றைக்கல் மண்டபம் உண்டு. இதில் சிற்பம் அதிகம் இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. பிராகாரம் முழுவதும் கண்ணை நிறைத்த பிறகு, பெருமாளுக்கு நேர் முன்னால் கல் தன்னளவில் அமைதியாகக் கிடக்க வேண்டும் என்று முடிவு செய்த பெருந்தச்சரின் அடக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆதிகேசவப் பெருமாள் 22 அடி நீளத்தில், மேற்கு நோக்கிப் பள்ளிகொண்டிருக்கிறார். பத்மநாபரின் நாபியிலிருந்து எழும் தாமரையும் அதில் வீற்றிருக்கும் பிரமனும் இவருக்கு இல்லை. இவர் மேற்கு நோக்கியும் பத்மநாபர் கிழக்கு நோக்கியும் சயனித்திருப்பதால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று இப்பகுதியில் சொல்வதுண்டு. திருமேனி கடுசர்க்கரை யோகம் என்னும் முறையில் அமைந்தது. உள்ளே 16,008 சாளக்கிராமங்கள் வைக்கப்பட்டுள்ளன என்பது மரபு. இம்முறையில் முதலில் மரத்தால் எலும்புச் சட்டம் போன்ற சூலம் நாட்டப்படும். அதன்மேல் நாடி நரம்புகளாகத் தென்னை நார்க் கயிறு சுற்றப்படும். பிறகு பலவகை மண்ணும் கல்பொடியும் பிசினும் வெல்லமும் மூலிகைக் கஷாயமும் சேர்த்துக் குழைத்த சாந்து, ஒரு பூச்சு உலர்ந்தபின் அடுத்தது என்று பொறுமையாக ஏற்றப்பட்டு, அதுவே தசையாகவும் தோலாகவும் ஆகும். சட்டம், கட்டு, பூச்சு என்ற இந்த வரிசை கட்டட வேலையின் வரிசையேதான். இத்தகைய திருமேனியை வேறிடத்தில் செய்து கொண்டுவந்து வைக்க இயலாது. அது இருக்கும் இடத்திலேயே உருவாக வேண்டும். கருவறை பெருமாளுக்கு அளவெடுத்தது, பெருமாள் கருவறைக்கு அளவெடுத்தவர். நீர் பட்டால் சாந்து கரையும் என்பதால் மூலவருக்குத் திருமஞ்சனம் இல்லை. அபிஷேகம் முழுவதும் சிறிய அர்ச்சா மூர்த்திக்கே நடைபெறுகிறது. செய்பொருளின் இயல்பு பூசை முறையையே வகுத்திருக்கிறது என்பதை அந்த இடத்தில் நின்று எண்ணிப் பார்த்தேன்.

கருவறைக்கு மூன்று வாயில்கள். ஒன்றில் திருமுகம், ஒன்றில் திருமேனியும் கரமும், ஒன்றில் திருவடி. ஒரே பெரிய வாயில் வைத்து முழுத் திருமேனியையும் ஒரே பார்வையில் காட்டியிருக்கலாமே என்று தோன்றக்கூடும். மூன்று வாயில்களுக்கும் இடையில் உள்ள சுவர்ப் பகுதி மறைப்பதனால்தான், காணாத பகுதியைக் கண்டவற்றோடு சேர்த்து நம் நெஞ்சில் நாமே முழுமையாக்கிக்கொள்கிறோம். எண்ணெய் விளக்கின் ஒளியில் முகத்தைக் கண்டு, நகர்ந்து கரத்தைக் கண்டு, மீண்டும் நகர்ந்து திருவடியைக் கண்டு கைகூப்பியபோது, என் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் பெரியப்பா உதடு அசையாமல் நின்றார். அர்ச்சகரான போற்றி வாழையிலைத் துண்டில் சந்தனமும் துளசியும் தந்தபோதுதான் இருவரும் நகர்ந்தோம்.

கருவறையின் புறச்சுவர்களில் ஓவியங்கள் இருக்கின்றன. மலைநாட்டுச் சுவரோவியத்தின் வாழ்வு கூரையின் கையில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்யும் மண்ணில், சரிந்த கூரையின் இறவாரம் சுவரைத் தாண்டி வெகுதூரம் நீண்டிருந்தால்தான் சாரல் சுவரை எட்டாது. கடுக்காய்ச் சாறு விட்டுக் குழைத்த சுண்ணாம்புச் சாந்தைப் பூசி, அதன்மேல் இளநீர் கலந்த சுண்ணாம்பைத் திரும்பத் திரும்பத் தீற்றி வெண்மையாக்கிய தளத்தில்தான் மஞ்சள், சிவப்பு, பச்சை, கறுப்பு ஆகிய நிறங்கள் ஏறுகின்றன, வெண்மை சுவருடையதே. கறுப்புக்கு விளக்குப் புகையின் கரியும், பச்சைக்கு அவுரிச் செடியின் நீலத்தோடு சேர்ந்த மஞ்சளும் பயன்பட்டன. தச்சர் சரிந்த கூரையைத் தாங்கும் கழுக்கோலை ஒரு முழம் குறைத்திருந்தால் ஓவியர் வரைந்தது நிலைத்திருக்காது. இதைச் சொன்னபோது பெரியப்பாவின் முகத்தில் ஒரு மலர்ச்சி தெரிந்தது.

அடுத்த நாள் காலையில் சுசீந்திரம் சென்றோம். சிவன், திருமால், பிரமன் மூவரும் ஒரே திருவுருவாகத் தாணுமாலயனாக விளங்கும் அத்தலத்தைப் பற்றிப் பலரும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். நான் இரண்டை மட்டும் சொல்கிறேன். 134 அடி உயரமுள்ள ஏழுநிலைக் கோபுரத்தின் வெளிப்புறம் சுதைச் சிற்பங்களால் நிறைந்திருப்பதை எல்லோரும் காண்கிறார்கள். அதன் உள்நிலைகளின் சுவர்களில் ஓவியங்கள் இருப்பதைக் கீழே நடந்து செல்வோர் அறிவதில்லை. பாண்டிநாட்டு முறையில் எழுந்த கோபுரத்தின் உள்ளே மலைநாட்டு ஓவிய மரபு குடியிருப்பது இந்த எல்லைப் பகுதிக்கே உரிய பேறு. இரண்டாவது, அலங்கார மண்டபத்தின் இசைத்தூண்கள். ஒரே கல்லில் பல சிறு கம்பங்களாகப் பிரிந்து நிற்கும் அந்தத் தூண்கொத்துகளில், தட்டினால் கம்பத்துக்குக் கம்பம் ஒலி மாறுகிறது. கூரையைத் தாங்கும் உறுப்பே இசைக்கருவியாகவும் ஆகும்போது, கலைகளுக்கு இடையே நாம் போட்டுவைத்திருக்கும் வேலிகள் பொருளற்றுப் போகின்றன. அதற்காக வருவோர் எல்லாம் நாணயத்தாலும் சாவியாலும் அவற்றைத் தட்டிப் பார்க்கும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நாதம் கல்லுக்குள் இருக்கிறது என்று அறிந்து வணங்கிச் செல்வதே போதும்.

திருவட்டாற்றில் 2022 ஜூலை 6 அன்று குடமுழுக்கு நடைபெற்றது. 418 ஆண்டுகளுக்குப் பின் நடந்த குடமுழுக்கு அது. இவ்வளவு நீண்ட இடைவெளிக்குப் பின்னும் திருப்பணி செய்யத்தக்க நிலையில் கோயில் நின்றதற்குக் கல்லும் கூரையும் ஓவியமும் ஒன்றையொன்று காத்ததே காரணம். பழைய கோயில்களில் திருப்பணி நடக்கும்போது, கல்லுக்கு ஒருவர், மரத்துக்கு ஒருவர், வண்ணத்துக்கு ஒருவர் என்று தனித்தனியே ஒப்படைத்து, ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல் போவதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். மணலை வீசிக் கல்லைச் சுத்தம் செய்வதால் சிற்பத்தின் கூர்மை போகிறது. சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளே தங்கி ஓவியம் உரிகிறது. பெரியப்பா திரும்பும் வழியில் பேசியது முழுவதும் இதைப் பற்றியே. கூரை மாற்றும் நாளில் ஓவியரும் கல்தச்சரும் கூடவே நின்று பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. எனக்கும் அதுவே சரி என்று படுகிறது.

திருவட்டாறு செல்ல விரும்புவோர் மாலை நடை திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்பே சென்று சேர்வது நல்லது. பகல் வெளிச்சம் இருக்கும்போதே பிராகாரத்தை ஒருமுறையும், விளக்கேற்றிய பின் மற்றொரு முறையும் வலம் வரலாம். பலிபீட மண்டபத்தில் நிற்கும்போது மேலே மரக்கூரையையும் பாருங்கள். புரட்டாசியிலும் பங்குனியிலும் சில நாள்களில் சாயும் கதிரவனின் ஒளி பெருமாள்மேல் விழும். அந்நாள்களில் கூட்டம் மிகுதியாக இருக்கும் என்பதால், முதியவர்களை அழைத்துச் செல்வோர் மற்ற நாள்களில் வருவது நலம்.