பையிலிருந்து தொட்டிக்கு: கடல்நீர்த் தொட்டி நாட்குறிப்பு

மார்ச் 7, 2025

நாளை இரண்டு கிளீனர் இறாலும் ஆறு டர்போ நத்தையும் வருகின்றன. உப்பளவு பார்க்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவத்தில் சரிபார்த்தாயிற்று. உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்யம் காட்டுவதை மட்டும் வைத்து நம்பக்கூடாது. கடல்நீர் அளவில் தப்பு இருக்கலாம். தொட்டியில் உப்பளவு 1.025 (நன்னீரை 1 என்று வைத்த அடர்த்தி எண்), வெப்பம் 26 டிகிரி.

மார்ச் 8

கடையிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். பைத் தண்ணீர் அரை லிட்டர், உப்பளவு 1.020. இந்த வித்தியாசத்தை மீனின் செவுளும் சிறுநீரகமும் சமாளிக்கும். இறால், நத்தையின் உடல் திரவமோ சுற்றியுள்ள நீரின் உப்போடு சேர்ந்தே ஏறி இறங்கும், அதனால் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும்.

பைத் தண்ணீரோடு அவற்றை ஒரு டப்பாவில் விட்டு, ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீர் நொடிக்கு நாலு சொட்டு. 40 நிமிடத்தில் தண்ணீர் இரட்டிப்பானது. பாதியைக் கொட்டிவிட்டு மறுபடி சொட்டு. மூன்று சுற்றில் 1.0244. டப்பாவைத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டதால் அறைச்சூடு ஏறவில்லை. இறாலை வலையில் பிடித்தால் மீசை சிக்கி ஒடியும், கப்பில்தான் எடுக்க வேண்டும். பைத் தண்ணீரில் மீன் மருந்தின் செம்பு இருக்கலாம். ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போகக்கூடாது. நத்தைகளைப் பாறைமேல் பாதம் படும்படி வைத்தாயிற்று. மணலில் மல்லாந்தால் பல நத்தைகளால் திரும்ப முடியாது.

மார்ச் 10

பாறையடியில் செத்த இறால் போல ஒன்று. எடுத்துப் பார்த்தால் கண்ணாடி மாதிரி வெறும் ஓடு, தலையும் வாலும் சேரும் இடத்தில் முதுகுப் பக்கம் பிளந்திருக்கிறது. மீசைகூட முழுசாக உரிந்திருக்கிறது. புது ஓடு இறுகும்வரை இறால் ஒளிந்துதான் இருக்கும். பாறையைப் புரட்டித் தேட வேண்டாம்.

மார்ச் 15

பிரிட்டில் ஸ்டார் (மெல்லிய நீண்ட கைகள் கொண்ட, நட்சத்திர மீன் போன்ற உயிரி), கூரியரில் ஒரு ராத்திரி முழுக்கப் பைக்குள் இருந்து வந்தது. இதற்கு 8ஆம் தேதி செய்த முறை ஆகாது. மூடிய பையில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பி.ஹெச். (அமில-கார அளவு) இறங்கிவிடும், கழிவு அம்மோனியம் வடிவில் இருப்பதால் பெரிய கெடுதல் இல்லை. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.ஹெச். ஏறும், அதே கழிவு நச்சு அம்மோனியாவாகும். அந்தத் தண்ணீரிலேயே மணிக்கணக்கில் சொட்டவிட்டால் விஷத்தில் ஊறவைத்த மாதிரிதான்.

திறந்ததும் அளந்தது 1.021. தொட்டித் தண்ணீர் 800 மில்லியில் ஆர்.ஓ. 150 மில்லி சேர்த்தால் அதே அளவு. காற்றுப் படாமல் கப்போடு முக்கி உடனே அந்தக் கலவைத் தண்ணீருக்கு மாற்றி, காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டு, அங்கிருந்து நாலு மணி நேரம் சொட்டு. அவசரப்பட்டால் இரண்டு மூன்று நாள் கழித்து அதன் கை துண்டு துண்டாக உதிரும்.

மார்ச் 19

பிரிட்டில் ஸ்டாரின் ஐந்து கையும் முழுசாக இருக்கின்றன. இரவில் இறால் துண்டை மணலில் வைத்ததும் ஒரு கை நீண்டு வந்து சுருட்டிக்கொண்டு போனது.