இடக்கை முடிச்சு

காரைக்குடி வீட்டில் வெள்ளையடிக்க சாமி அறையை ஒழித்தபோது, பெட்டகத்துக்கு அடியில் ஒரு பித்தளைச் செம்பு கிடைத்தது. உள்ளே ஏழு மஞ்சள் துணி முடிப்புகள். காய்ச்சல், பிரசவம், பரீட்சை, பர்மாவிலிருந்து வராத கடிதம் என்று எதற்காவது பயந்து, கையில் இருந்த காசை முடிந்து வைத்து, "காரியம் ஆனதும் கொண்டுவந்து செலுத்துறேன்" என்று சாமியிடம் சொல்வது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. செலுத்த மறப்பதும் உண்டு. ஆனாலும் ஏழு கொஞ்சம் அதிகம்தான்.

எங்கள் பக்கம் அம்மாவை ஆத்தா, அப்பாவை அப்பச்சி என்போம். ஆத்தாவுக்கு 78 வயது. காலையில் மாத்திரை சாப்பிட்டாரா என்பது மத்தியானம் நினைவிருக்காது. ஆனால் ஒவ்வொரு முடிப்பையும் கையில் உருட்டிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். "இது உன் டைபாய்டு. இது தம்பி காலேஜ் சீட்டு. இது அப்பச்சி கண் ஆபரேஷன், குன்றக்குடியாருக்கு." டைபாய்டு எனக்கும் நினைவிருக்கிறது, பள்ளிக்கூடம் போகாமல் கதைப் புத்தகம் படித்த மூன்று வாரமாக. அந்த மூன்று வாரத்தை ஆத்தா எவ்வளவு இறுக்கிக் கட்டியிருக்கிறார் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நகம் கூட உள்ளே போகவில்லை.

ஏழாவதைத் தடவியதும் நிறுத்திவிட்டார். "இது நான் போட்டதில்லை. ஆயா போட்டது." ஆயா என்றது என் பாட்டியை.

எப்படித் தெரியும் என்றேன். வரிசையாக வைத்துக் காட்டினார். ஆறு முடிச்சும் ஒரு பக்கம் திரும்பியிருக்க, அது மட்டும் கண்ணாடியில் பார்ப்பது போல மறுபக்கம் திரும்பியிருந்தது. ஆயாவுக்கு இடது கை. துணிக்கு மேலேயே தடவினால் ஓரம் நெளிநெளியாகத் தட்டுப்பட்டது. பழைய பத்துப் பைசா. எதற்கு, யாருக்காக, எந்த சாமிக்கு? அதைச் சொல்ல ஆயா இல்லை.

தென் அமெரிக்காவில் இன்கா மக்கள் கிப்பு என்ற முடிச்சுக் கயிறுகளில்தான் ராஜ்யத்தின் கணக்கையே வைத்திருந்தார்கள். கயிற்றில் முடிச்சு விழும் இடத்தைப் பொறுத்து ஒன்று, பத்து, நூறு. அந்த எண்களைப் பிற்காலத்தார் படித்துவிட்டார்கள். எண்ணாகத் தெரியாத முடிச்சுகளும் உண்டு, அவை பிடிபடவில்லை. படிக்கத் தெரிந்த கணக்குப்பிள்ளைகள் போய்விட்டார்கள். எங்கள் செம்பிலும் அதே கதைதான்.

அன்று ராத்திரி கொண்டை ஊசியை வைத்து அதைப் பிரித்துவிடலாமா என்று நினைத்தேன். உள்ளே காசைத் தவிர என்ன இருக்கப்போகிறது? ஊசியைத் திரும்ப வைத்துவிட்டேன்.

மறுநாள் முடிப்புகளைச் செலுத்தப் பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பினோம். வழியில் குன்றக்குடி. ஆத்தாவுக்கு முழங்கால் வலி, அதனால் கீழேயே உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் படியேறி, மயில் மேல் இருக்கும் சண்முகநாதரைக் கும்பிட்டு, அப்பச்சி கண்ணைச் செலுத்திவிட்டு இறங்கினேன்.

பிள்ளையார்பட்டிக்குப் போகும் வழியில் எங்கள் பிள்ளையார் நோன்புப் பேச்சு வந்தது. திருக்கார்த்திகைக்கு மறுநாளிலிருந்து 21 நாள், புது வேட்டியிலிருந்து நாளுக்கு ஓர் இழை எடுத்து வைப்போம். மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடும் நாளில் 21 இழையையும் திரியாக்கி, மாவுப் பிள்ளையாரில் ஏற்றி, எரியும் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். கடலில் சிக்கிக்கொண்ட நம்மவர்கள் நாள் தெரிவதற்காக வேட்டியில் இழை உருவினார்கள் என்பது வீட்டில் சொல்லும் கதை. "இழை உருவினா நாள். முடிஞ்சா வாக்கு," என்றார் ஆத்தா. அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிவிட்டார்.

கோவில் வாசலில் அருகம்புல் மாலை கட்டிக்கொண்டிருந்த அம்மாளிடம் ஏழாவது முடிப்பைக் காட்டினேன். தொழில் தெரிந்தவர் என்ன சொல்கிறார் பார்ப்போம் என்ற ஆசைதான். வாழை நாரை விடாமலே எட்டிப் பார்த்தார். "இடக்கையாட்டம் இருக்கே, ஆச்சி," என்று என்னிடம் இல்லை, ஆத்தாவிடம் சொன்னார். ஆத்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு மாலைக்குப் பதில் மூன்று வாங்கினார்.

உள்ளே கூட்டம் குறைவு. கற்பக விநாயகர் பாறையை விட்டுப் பிரியாமல் ஆறடி உயரத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். தும்பிக்கை வலப்பக்கம் சுழித்திருக்கும். "நான் இடக்கை, அவர் வலம்புரி, எதிரும் புதிருமாச் சரியாப் போச்சு" என்று ஆயா சொல்வாராம். ஆத்தா இதை இத்தனை வருஷத்தில் என்னிடம் சொன்னதே இல்லை. தீபாராதனை வெளிச்சத்தில் அந்தச் சுழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டிக்கொள்ள மறந்துபோனது.

ஆத்தா போட்டதில் மீதி ஐந்தும் உண்டியலில் சுலபமாகப் போயின. ஏழாவது எந்த சாமிக்கு என்றே தெரியாதே என்று தயங்கினேன்.

"பிள்ளையார்கிட்ட கொடு. யாருக்கோ அவர் சேர்த்துடுவார்."

முடிச்சு பருத்திருந்ததால் வாயில் சிக்கிக்கொண்டது. பின்னால் நின்றவர், "பிரிச்சுக் காசை மட்டும் போடுங்களேன்," என்றார். ஆத்தா திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். நான் முடிப்பை வெளியே எடுத்து, துணிக்குள் காசைத் தள்ளிப் படுக்க வைத்து, முடிச்சை விரலால் அழுத்தி அழுத்தித் தட்டையாக்கினேன். ரொம்ப நேரமானது. பின்னால் நின்றவர் வேறு உண்டியலுக்குப் போய்விட்டார். கடைசியில் முடிச்சு முதலில் போனது, காசு பின்னால். துணி சுற்றியிருந்ததால் விழுந்த சத்தமே கேட்கவில்லை.