தோணுதா, தெரியுதா

"எட்டு எப்படி இருக்கான்?"னு கோச் கேட்டாரு. ஃபுட்பால் மேட்ச், 66வது நிமிஷம், 1-0 லீடிங்ல இருக்கோம். எட்டுன்னா எங்க எட்டாம் நம்பர் ஜெர்சி மிட்ஃபீல்டர். நான் டேப்லெட்டைப் பாத்துட்டு "ஓட்டம் கொறஞ்சிருக்கு சார், மாத்திடலாம்னு தோணுது"ன்னேன். அவரு கிரவுண்டுல இருந்து கண்ண எடுக்காமலே "தோணுதா, தெரியுதா?"ன்னாரு. "தெரியுது சார்"ன்னேன்.

மேட்ச் 2-1ல போச்சு. தோல்வி எனக்குப் புதுசில்ல, எத்தனையோ பாத்தாச்சு, ரெண்டு நாள்ல அடுத்த டீமோட வீடியோவை வெட்ட உக்காந்துடுவேன். ஆனா அந்த 'தெரியுது' மட்டும் இன்னும் தொண்டையிலயே நிக்குது. 'தோணுது'ன்னு சொன்ன வாய் ரெண்டே செகண்டுல எப்படி 'தெரியுது'ன்னு மாறுச்சு? அவரு அதட்டக்கூட இல்ல, சாதாரணமாத்தான் கேட்டாரு. நிதானமா ஒருத்தர் கேக்கும்போது 'உறுதியா தெரியல சார்'னு சொல்ல எனக்குக் கூச்சமா இருந்துச்சு, அவ்வளவுதான்னு இப்ப நினைக்கிறேன்.

என்கிட்ட இருந்தது என்னன்னா, பசங்க ஜெர்சிக்கு உள்ள போட்டிருக்கிற ஜிபிஎஸ் வெஸ்ட்ல இருந்து வர்ற நம்பர். மொத்தம் எவ்வளவு தூரம் ஓடினான், அதுல வேகமா ஓடுனது எவ்வளவு, முழு வேகத்துல பாஞ்ச ஸ்பிரிண்ட் எத்தனை, அது எல்லாமே பெஞ்ச்ல கையில இருக்கும். எட்டாம் நம்பர் பையனோட ஸ்பிரிண்ட் ஃபர்ஸ்ட் ஹாஃப்ல இருந்ததுல பாதிகூட செகண்ட் ஹாஃப்ல இல்ல. அதுவும் போக ரெண்டு வாரம் முன்னாடிதான் தொடைக்குப் பின்னாடி தசை பிடிச்சு ட்ரெயினிங்கை பாதியில விட்டுட்டு வந்தவன், ஃபிசியோவும் பாத்துக்கோங்கன்னு சொல்லி வச்சிருந்தாரு. இந்த ரெண்டையும் சேத்துப் பாத்தா யாரா இருந்தாலும் மாத்தத்தான் சொல்லுவாங்க, நானும் சொன்னேன், அதுல என்ன தப்பு?

தப்பு என்னன்னு மேட்ச் முடிஞ்சு அவன் ஷூவைக் கழட்டிக்கிட்டே சொன்ன ஒரு வார்த்தையிலதான் உறைச்சுது. "அண்ணா, ஹாஃப் டைம்ல கோச் என்னை முன்னாடி போகாத, டிஃபென்ஸுக்கு முன்னாடியே நில்லுன்னு சொன்னாரே, அதான் நின்னேன்." சண்டைக்கெல்லாம் வரல, பாவம் விளக்கம் சொல்ற மாதிரிதான் சொன்னான். லீடிங்ல இருக்கும்போது ஒரு மிட்ஃபீல்டரை பின்னாடி நிக்கச் சொன்னா ஸ்பிரிண்ட் குறையத்தான் செய்யும், அது சோர்வு இல்ல, சொன்னதைச் செய்யறான். அந்த நம்பருக்கு ஹாஃப் டைம்ல ரூம்ல என்ன பேசுனாங்கன்னு தெரியாது. எனக்குத் தெரியும், நான் அங்கதான் சுவர்ல சாஞ்சு நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டு இருந்தேன்.

இதை கோச்சும் யோசிச்சிருக்கணுமேன்னு ஒரு மனசு சொல்லுது. சொன்னதே அவருதானே. ஆனா அவருக்கு அந்த நேரத்துல லைன்ஸ்மேன், எதிர் டீம் பெஞ்ச், வார்ம் அப் பண்ற பசங்கன்னு பத்து விஷயம், எனக்கு ஒரே விஷயம்தான், அந்த ஸ்கிரீன். அந்த ஒண்ணை முழுசா பாக்கத்தான் என்னை அங்க உக்கார வச்சிருக்காங்க.

69ல அவனை எடுத்தாச்சு. 77ல ஈக்வலைசர், 1-1, எட்டு நின்னுட்டு இருந்த அதே இடத்துல இருந்து அடிச்ச பந்து. 88ல இன்னொண்ணு.

அந்த ரெண்டாவது கோல் வேற கதை, ஆனா அதுலயும் என் பங்கு இருக்கு. இப்ப ஒரு மேட்ச்ல 5 சப், அதாவது 5 பேரை மாத்தலாம்னு எல்லாருக்கும் தெரியும், 2020ல கோவிட் நேரத்துல தற்காலிகமா வந்தது, 2022ல நிரந்தரமாயிடுச்சு. ஆனா ஹாஃப் டைம் தவிர ஆட்டத்துக்கு நடுவுல மூணே மூணு தடவைதான் நிறுத்தி ஆள் மாத்தலாம், நாங்க அதை விண்டோன்னு சொல்லுவோம். 55ல ரெண்டு பேரை மாத்தினோம், 63ல லெஃப்ட் பேக் அடிபட்டு வெளிய வந்தான், 69ல எட்டு. ஆள் கணக்குல நாலுதான், விண்டோ கணக்குல மூணும் காலி. 84ல ரைட் விங்கருக்கு கெண்டைக்கால் இழுத்துக்கிச்சு, அவன் நொண்டிக்கிட்டே நின்னான், அவன் பக்கமாத்தான் அந்த கோலுக்கான கிராஸ் வந்துச்சு. பெஞ்ச்ல புது ஆள் ஜாக்கெட்டைக் கழட்டிட்டு உக்காந்திருக்கான், அனுப்ப வழியில்ல. விண்டோ கணக்கு சொல்றதும் என் வேலைதான். "இதான் கடைசி விண்டோ சார்"னு 66ல சொன்னேனா? சொன்ன மாதிரி ஞாபகம் இருக்கு. ஆனா பின்னாடி யோசிச்சு யோசிச்சு நானே சேத்துக்கிட்ட ஞாபகமோன்னும் சந்தேகமா இருக்கு.

அன்னைக்கு கிளப் ஜாக்கெட்டை பையில சுருட்டி வச்சுட்டு கடைசியா வெளிய வந்தேன். கேலரி படிக்கட்டுல நாலஞ்சு பேர் இன்னும் வீட்டுக்குப் போகாம நிக்கிறாங்க. நடுவுல ஒரு பெரியவர், டிக்கெட்டைப் பொடிப்பொடியா கிழிச்சு யார் எங்க நின்னாங்கன்னு படியில ஃபார்மேஷன் அடுக்கி வச்சிருக்காரு, பதினொரு துண்டு, கோல்கீப்பர் துண்டு மட்டும் கொஞ்சம் பெருசு. "இங்க பாரு, இவனை எடுத்தான்ல, இந்த இடம் தொறந்துச்சு"ன்னு நடுவுல இருந்து ஒரு துண்டை விரல்ல தள்ளிக் காட்டுறாரு. பக்கத்துல ஒரு பையன், "இன்னும் ஒரு சப் கையில வச்சுக்கிட்டு நொண்டுறவனை ஆட விட்டான், இவனெல்லாம் கோச்சா?"ன்னு கொதிக்கிறான். விண்டோ முடிஞ்சுபோச்சு தம்பின்னு சொல்ல எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, சொல்லல. இன்னொருத்தர் எட்டுக்கு ஏற்கனவே அடி இருந்துச்சு, காப்பாத்தத்தான் எடுத்திருப்பாங்கன்னு கோச் பக்கம் பேசினாரு. அவரை யாரும் பேசவே விடல.

பெரியவர் 1970 உலகக் கோப்பையை இழுத்தாரு. "இங்கிலாந்து கோச் ராம்சே என்ன பண்ணான்? 2-0ல இருந்த மேட்ச், சார்ல்டனை எடுத்தான், உடனே பெக்கன்பவர் போட்டான், ஜெர்மனி 3-2 ஜெயிச்சான்." இந்தக் கதையை நானும் சின்ன வயசுல இருந்து இப்படித்தான் கேட்டிருக்கேன். ஆனா அதுல வரிசை தப்பு. பெக்கன்பவர் கோல்தான் முதல்ல வந்துச்சு, 68வது நிமிஷம். அதுக்கு அப்புறம்தான் சார்ல்டன் வெளிய போனாரு, மூணே நாள்ல செமி ஃபைனல், நல்ல வெயில், 32 வயசு ஆளு, அவரை மிச்சம் வைக்கலாம்னு ராம்சே நினைச்சாரு. ஆனாலும் பெரியவர் சொல்றதை முழுசா தப்புன்னு தள்ளவும் முடியாது, சார்ல்டன் போன அப்புறம் பெக்கன்பவரைத் தடுக்க ஆள் இல்லாமப் போச்சுங்கறது உண்மைதான். வரிசையை மட்டும்தான் தோத்த வலி மாத்தி வச்சுக்கிச்சு.

பேயர்ன் மியூனிக்கும் மான்செஸ்டர் யுனைடெட்டும் ஆடின 1999 சாம்பியன்ஸ் லீக் ஃபைனலும் ஞாபகம் வந்துச்சு. 1-0 லீடிங்ல 80வது நிமிஷம் மத்தேயஸை எடுத்துட்டு ஃபிங்கை அனுப்புனாங்க பேயர்ன். ஸ்டாப்பேஜ் டைம்ல கார்னர் வருது, ஃபிங்க் சரியா கிளியர் பண்ணல, பந்து மான்செஸ்டரோட கிக்ஸ் காலுக்குப் போய் அங்க இருந்து ஷெரிங்ஹாம் கோல். ரெண்டு நிமிஷத்துல சோல்ஷாயர் இன்னொண்ணு. அந்த ரெண்டு கோலையும் போட்டது மான்செஸ்டரோட சப் ரெண்டு பேரு. ஒரே ராத்திரி, ஒரே கிரவுண்டு, ஆள் மாத்தினதுக்காக ஒரு கோச்சைத் தூக்கி வச்சு ஆடுறாங்க, இன்னொரு கோச்கிட்ட ஏன் மாத்தினீங்கன்னு கேக்குறாங்க. மத்தேயஸுக்கு அப்ப 38 வயசு, அவர் களைச்சிருந்தாரு. அன்னைக்கு அந்த பெஞ்ச்ல அவர் களைச்சிட்டார்னு யாருக்குத் 'தெரிஞ்சுது', யாருக்குத் 'தோணுச்சு'ன்னு இப்பல்லாம் யோசிக்கிறேன்.

இதெல்லாம் மனசுல ஓடிட்டு இருக்கும்போதுதான் பெரியவர் என் பக்கம் திரும்பி, "தம்பி, நீங்களும் பாத்தீங்கள்ல, நீங்களே சொல்லுங்க, மாத்தினது சரியா?"ன்னு கேட்டாரு.

"மாத்தியிருக்க வேணாம்தான்"னு சொன்னேன்.

அவரு உடனே அந்தத் தள்ளி வச்ச துண்டை எடுத்து நடுவுல பழைய இடத்துலயே வச்சாரு. "பாருங்க, இப்ப ஓட்டை அடைஞ்சிருச்சா?" அடைஞ்சுதான் இருந்துச்சு. படிக்கட்டுல இருந்த டீம்ல எந்தக் குறையும் இல்ல.

நான் சொன்னது பொய்யான்னு கேட்டா, இல்ல, அந்த நிமிஷம் அப்படித்தான் நினைச்சேன். ஆனா கேட்டவருக்கு அது கோச் மேல குத்தமாத்தான் போய்ச் சேரும்னு தெரிஞ்சே சொன்னேன். மாத்தச் சொன்னவன் நான். அங்க 'நான்தான் சொன்னேன்'னு சொல்ல முடியாது, பெஞ்ச்ல பேசினதை வெளிய சொல்லக்கூடாது, வேலையோட முதல் விதியே அதுதான், சரி. அப்படின்னா சும்மா இருந்திருக்கலாமே, 'எனக்குத் தெரியலங்க'ன்னு சொல்லியிருக்கலாமே. கோச்கிட்ட 66ல சொல்ல முடியாத அதே வார்த்தை, ராத்திரி படிக்கட்டுலயும் வரல.

அதே ராத்திரி பிரஸ் மீட்ல கோச்கிட்ட அந்த சப் பத்தி மூணு தரம் கேட்டிருக்காங்க. மூணு தரமும் "அது என் முடிவு"ன்னு மட்டும் சொல்லியிருக்காரு. நம்பர், ஃபிசியோ, நான், எதுவுமே அவர் வாயில வரல. மறுநாள் அவர் ரூமுக்குப் போய், "சார், ஹாஃப் டைம்ல நீங்க அவனை பின்னாடி நிக்கச் சொன்னதை நான் கணக்குல எடுத்துக்கல"ன்னு சொன்னேன். "நீ பாத்ததைச் சொன்ன, மாத்தினது நான்"னுட்டு பேப்பரைப் பாக்க ஆரம்பிச்சுட்டாரு. மன்னிச்சாரா, பேச்சை முடிச்சாரான்னு புரியல. திட்டியிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்.

இதுல இன்னொண்ணும் இருக்கு. மூணாம் நாள் எட்டு ட்ரெயினிங்குக்கு வந்தவன் தொடை இறுக்கமா இருக்குன்னு ஃபிசியோ டேபிள்ல படுத்துட்டான். அப்ப 90 நிமிஷமும் ஆடியிருந்தா கிழிஞ்சிருக்குமோ? அப்ப நான் சொன்னது சரிதானோ? இதை நினைச்சா ஒரு மணி நேரம் நிம்மதியா இருக்கு, அப்புறம் அந்த நிம்மதியே உறுத்துது. ஏன்னா 66ல நான் தொடையைப் பாத்து சொல்லல, ஸ்பிரிண்ட் குறைஞ்சதைப் பாத்துதான் சொன்னேன். தொடைங்கறது பின்னாடி எனக்குக் கிடைச்ச சாக்கு. இல்ல, ஃபிசியோ சொன்னது மனசுல எங்கயோ இருந்துதான் வாய்ல வந்துச்சோ? இதையும் என்னால உறுதியா சொல்ல முடியல.

அடுத்த மேட்ச்ல நான் பதிலைத் தயார் பண்ணியே வச்சிருந்தேன். ஸ்பிரிண்ட் இவ்வளவு, ஏன் இவ்வளவுன்னா இது, விண்டோ எத்தனை பாக்கி, எனக்கு எது உறுதி, எது உறுதியில்லன்னு எல்லாத்தையும் ஒரு சின்னத் தாள்ல எழுதி டேப்லெட் பின்னாடி ஒட்டியிருந்தேன். 70 தாண்டினதும் கோச் என் பக்கம் வந்தாரு. கையை நீட்டினாரு, டேப்லெட்டைக் கொடுத்தேன். அவரே எட்டோட வரியைத் தேடி விரலை வச்சுப் பாத்தாரு, கிரவுண்டைப் பாத்தாரு, திரும்ப ஸ்கிரீனைப் பாத்தாரு. அப்புறம் என் கையில கொடுத்துட்டு கோட்டுப் பக்கம் நடந்துட்டாரு. ஒரு வார்த்தை கேக்கல. எட்டு 90 நிமிஷமும் ஆடினான்.