ஸ்பூன் விழுந்தால் திரும்பிப் பார்க்க வேண்டாம்

அப்பாவுக்குக் கை நடுங்கும். மடியில் சும்மா வைத்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. ஸ்பூனை எடுத்து வாய்க்குக் கொண்டுபோகும்போதுதான் ஆரம்பிக்கும். வாய் நெருங்க நெருங்க ஆட்டம் கூடும். பார்க்கின்சன் நோயோ என்று முதலில் பயந்தோம். டாக்டர் இது வேறு என்றார். பார்க்கின்சனில் பெரும்பாலும் கை ஓய்வாக இருக்கும்போது நடுக்கம் தெரியும். அப்பாவுக்கு இருப்பது எசென்ஷியல் ட்ரெமர், அதாவது கை ஒரு வேலையில் இறங்கும்போது வருகிற நடுக்கம். "பதற்றப்பட்டால் அதிகமாகும்" என்றும் சொல்லி அனுப்பினார். அந்தப் பேச்சின் முழு அர்த்தமும் எனக்கு ஒரு சாப்பாட்டு மேசையில்தான் புரிந்தது.

குடும்பத்தோடு வெளியே சாப்பிடப் போயிருந்தோம். அப்பா முதல் வாய் எடுக்கும்போது கொஞ்சம் சிந்தியது. பக்கத்து மேசைக்காரர் பார்த்தார். இரண்டாவது வாய்க்கும் பார்த்தார். மூன்றாவது வாய்க்குத் தன் சாப்பாட்டையே நிறுத்திவிட்டுப் பார்த்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, முகத்தில் பரிதாபம்தான் இருந்தது. ஆனால் அப்பா அதைக் கவனித்துவிட்டார். அடுத்த ஸ்பூன் பாதி வழியிலேயே கொட்டிவிட்டது. ஸ்பூனை மெதுவாகக் கீழே வைத்தார்.

"பசியில்லப்பா. நீங்க சாப்பிடுங்க."

காலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். அதன்பிறகு மூன்று வருடம் அவர் வெளியே சாப்பிட வரவில்லை.

பொது இடத்தில் சாப்பிடும் நாகரிகம் என்று பேச ஆரம்பித்தாலே, எல்லா அறிவுரையும் சாப்பிடுகிறவருக்குத்தான் போகிறது. அவரைச் சுற்றி இருப்பவர்களுக்கும் இதில் சரிபாதி பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன். ஒருவர் எவ்வளவு சாப்பிடுகிறார், எப்படி மெல்லுகிறார், எதைச் சிந்துகிறார் என்று உற்றுப் பார்ப்பது, வாயைத் திறந்து மெல்லுவதைவிடப் பெரிய அநாகரிகம். முன்னது ஒருவரைப் பசியோடு எழுப்பி அனுப்பிவிடும்.

சரி, சாப்பிடுகிறவர் பக்கத்துக்கு வருகிறேன். அங்கே ஒரு உண்மையான சிக்கல் இருக்கிறது. நாம் சாப்பிடுவது மற்றவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று நமக்குத் தெரியவே தெரியாது.

ஒருமுறை ரயிலில், ஜன்னல் திறக்க முடியாத பெட்டியில், என் டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தேன். எதிரே ஒரு பெண் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "தம்பி, தப்பா நினைக்காதீங்க. நான் மாசமா இருக்கேன், வாசனை தாங்கல" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாசனையா? எனக்கு எதுவும் வரவில்லையே! காரணம் எளிமையானதுதான். ஒரே வாசனையைத் தொடர்ந்து முகர்ந்தால் சில நிமிடங்களிலேயே மூக்கு அதற்குப் பழகி, கவனிப்பதை விட்டுவிடும். சமைத்தவர்களுக்கும் சாப்பிடுகிறவர்களுக்கும் அந்த வாசனை எப்போதோ மறைந்திருக்கும். புதிதாக வந்து உட்காருகிறவர் முகத்தில்தான் அது முழுசாக அடிக்கும். இப்போதெல்லாம் மூடிய பெட்டியில் டப்பாவைத் திறக்கும் முன் பக்கத்தில் இருப்பவரிடம் "சாப்பிடலாமா?" என்று கேட்டுவிடுகிறேன். இதுவரை ஒருவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. கேட்டதாலேயே பலர் முகம் மலர்ந்திருக்கிறது.

சத்தமும் இப்படித்தான். சாப்பிட்டுக்கொண்டே அக்காவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பிவிட்டு, பிறகு அதை நானே போட்டுக் கேட்டேன். என் பேச்சுக்கு நடுவே அந்த ஈரமான சத்தம்! நான் மெல்லும்போது எனக்குக் கேட்பது பெரும்பாலும் தாடை எலும்பு, மண்டையோட்டு எலும்பு வழியாக உள்காதுக்குப் போகிற சத்தம். வெளியே காற்றில் போவது வேறு சத்தம். அதை நான் அதுவரை கேட்டதே இல்லை. உதட்டை மூடி மென்றால் அதில் பெரும்பகுதி உள்ளேயே அடங்கிவிடும். மெல்லும் சத்தத்தைக் கேட்டாலே உடம்பு பதறிக் கோபம் கொப்பளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். 2001இல் இதற்கு மிசோபோனியா என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் வேண்டுமென்றே முகம் சுளிப்பதில்லை. அதேபோல, மூக்கடைப்பு இருப்பவரால் வாயைத் திறக்காமல் மெல்ல முடியாது. அவரைத் திட்டுவதும் நியாயமில்லை.

பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுற்றிலும் இரைச்சல் கூடினால் நம் குரல் தானாக உயரும். பிரான்ஸ் நாட்டுக் காது மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911இல் இதைப் பற்றி எழுதினார், அவர் பெயராலேயே இன்றும் அழைக்கிறார்கள். ஒரு மேசையில் குரல் உயர்ந்தால் அடுத்த மேசையும் உயர்த்தும், அப்புறம் முதல் மேசைக்கே காது கேட்காது. யாராவது ஒரு மேசைக்காரர் குரலைத் தணித்தால்தான் இறங்கும். போனை ஸ்பீக்கரில் போட்டு வீடியோ பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த ஒரு போன் முழு அறையையும் கத்த வைக்கிறது.

நாகரிகத்தை விட்டுவிட வேண்டிய ஒரு நேரமும் உண்டு. முதலுதவி வகுப்பில் இதைக் கேட்டபோது அதிர்ந்துபோனேன். தொண்டையில் உணவு அடைத்துக்கொண்டவர்களில் சிலர், நாலு பேர் முன்னால் இரும வெட்கப்பட்டு எழுந்து கழிவறைக்குப் போய்விடுகிறார்களாம். அங்கே உதவ ஆள் இருக்காது. இருமல் வந்தால் அங்கேயே, சத்தமாக, நன்றாக இருமுங்கள். பேச முடியாமல், இருமவும் முடியாமல் ஒருவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டால் உடனே எழுந்து போய் உதவுங்கள். முன்பக்கம் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கும் வெளிவராவிட்டால், பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே வயிற்றை உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்த வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். பக்கத்தில் இருப்பவர் அதற்குள் ஆம்புலன்சை அழைக்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வயிற்றை அழுத்தக் கூடாது, அவர்களுக்கு வேறு முறை இருக்கிறது. ஒரு நாள் வகுப்புதான். முடிந்தால் போய்க் கற்றுக்கொள்ளுங்கள்.

போன மாதம் அப்பாவை எப்படியோ பேசி வெளியே அழைத்துப் போனேன். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்தேன். சுவரைப் பார்த்த நாற்காலியில் உட்கார வைத்தேன். குடிக்க வந்ததைப் பாதி டம்ளர் மட்டும் ஊற்றி, ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தேன். கனமான ஸ்பூனாக வீட்டிலிருந்தே எடுத்துப் போயிருந்தேன், கனம் இருந்தால் அவருக்கு ஆட்டம் கொஞ்சம் அடங்குகிறது. நானும் என் தட்டைப் பார்த்தே சாப்பிட்டேன்.

நடுவில் ஸ்பூன் கை தவறி விழுந்து, தரையில் உருண்டு பக்கத்து மேசைக்கடியில் போனது. அங்கே இரண்டு கல்லூரிப் பையன்கள். அதில் ஒருவன் தன் பேச்சை நிறுத்தாமலேயே குனிந்து அதை எடுத்து எங்கள் மேசை ஓரத்தில் வைத்தான். தங்கள் மேசையில் இருந்த சுத்தமான ஸ்பூனை எடுத்துக் கைப்பிடி அப்பா பக்கம் வரும்படி நீட்டினான். அப்பா வாங்கியதும் நண்பன் பக்கம் திரும்பிவிட்டான். பிறகு ஒருமுறைகூட இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அப்பா தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டார்.

முடிந்ததும் ஒரு டிஷ்யூ எடுத்து, தான் சிந்தியதை எல்லாம் மேசையின் ஒரு மூலைக்கு ஒதுக்க ஆரம்பித்தார். கை ஆடியதில் ஒதுக்கியது மறுபடி சிதறியது. நான் உதவப் போகவில்லை. மேசை துடைக்கும் அம்மா வந்து, "விடுங்கய்யா, நான் பாத்துக்கறேன்" என்றார்.

"ஆச்சும்மா, இதோ முடிஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டு, கடைசித் துணுக்கையும் டிஷ்யூவில் கூட்டி மடித்துத் தட்டில் வைத்தார் அப்பா.