கண்ணாடி மேல் வைரம் ஒட்டவைத்த கதை

வைரம் வளர்க்கும் சேம்பரை முதல் முறை திறந்தபோது உள்ளே இருந்தது ஸ்லைடு இல்லை, அப்பளம். மைக்ராஸ்கோப்புக்கு வைக்கும் சாதாரண சோடா கண்ணாடித் துண்டு, நடுவில் குழிந்து, ஓரம் தூக்கி, ஹோல்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வைரம் வளர 700 முதல் 900 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்று படித்திருந்தேன். அந்தக் கண்ணாடி 550-ஐத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் தோன்றவில்லை.

கடல்நீரில் கிடக்கும் ஒரு சென்சாரின் ஜன்னலுக்கு மணல் கீறாத பூச்சு வேண்டும், அதுதான் வேலை. எங்கள் லேபில் இருப்பது ஹாட் ஃபிலமென்ட் சிவிடி, சூடான கம்பியால் வாயுவை உடைத்துப் படலம் படியவைக்கும் முறை. 1982-இல் ஜப்பானில் மட்சுமோட்டோ குழு வெளியிட்ட அதே முறைதான். நூற்றில் ஒரு பங்கு மீத்தேன், மிச்சம் ஹைட்ரஜன். காற்றழுத்தத்தில் சுமார் இருபத்தைந்தில் ஒரு பங்கு. மேலே 2000 டிகிரிக்கு மேல் தகிக்கும் டங்ஸ்டன் கம்பி. கார்பன் வைரமாகவும் படியும், கிராஃபைட்டாகவும் படியும். கம்பியின் சூட்டில் உடைந்த ஹைட்ரஜன் அணுக்கள் கிராஃபைட்டை வேகமாகத் தின்றுவிடும். களை எடுப்பது போலத்தான்.

"முதல்ல கண்ணாடியை மாத்து, அப்புறம் விதையைப் பாரு" என்றார் சீனியர் அக்கா. அதிகச் சூடு தாங்கும் குவார்ட்ஸ் கண்ணாடிக்கு மாறினேன், விதையை மட்டும் சோம்பலில் விட்டேன். ஆறு மணி நேரம் ஓட்டியும் அங்கங்கே நாலு புள்ளி, மிச்சமெல்லாம் கரி. வெறும் கண்ணாடியில் வைரம் தானாக முளைக்காது. முன்கூட்டியே வைரப்பொடி தூவ வேண்டும்: ஐந்து நானோமீட்டர் அளவுள்ள துகள்கள், வெடிமருந்தை மூடிய கலத்தில் வெடிக்கவைத்து எடுப்பவை. அது கலந்த திரவத்தில் துண்டைப் போட்டு அரை மணி நேரம் அல்ட்ராசோனிக் குளியல். எடுத்தவுடன் கழுவி நைட்ரஜன் ஊதிக் காயவைக்க வேண்டும். ஒருமுறை போன் வந்ததென்று அப்படியே விட்டுப் போனேன். டபரா அடியில் படியும் காபி வளையம் மாதிரி ஒரு வட்டம் விழுந்தது, வைரம் வளர்ந்த பிறகும் அந்த வட்டம் அப்படியே தெரிந்தது.

கம்பியின் கதை தனி. கார்பனைக் குடித்து நீளும், தொங்கும், துண்டுக்குக் கிட்டே வரும், சூடு ஏறிவிடும். ஸ்பிரிங் வைத்து இழுத்துக் கட்டியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆறிய கம்பியைத் தொட்டால் மட்டும் அப்பளமாக நொறுங்கும், அதற்கு வழியில்லை.

விதையும் கம்பியும் சரியானதும் பேராசை வந்தது. 800 டிகிரியில் மூன்று மைக்ரான், அதாவது 3000 நானோமீட்டர் வரை வளர்த்தேன். மறுநாள் காலை நெயில் பாலிஷ் உரிவது போல உரிந்து கிடந்தது. மெதுவாக ஆறவிட்டால் நிற்கும் என்று நினைத்து, அடுத்த துண்டை இரண்டு மணி நேரம் ஆறவிட்டேன். அதுவும் உரிந்தது. ஆறும்போது வைரம் சுருங்குகிற அளவுக்கு குவார்ட்ஸ் சுருங்காது. எவ்வளவு வேகமாக ஆறுகிறது என்பதில் விஷயமில்லை. எத்தனை டிகிரி இறங்குகிறது, படலம் எவ்வளவு தடிமன் என்பதுதான் கணக்கு. இது புரியவே மூன்று துண்டு போனது, குவார்ட்ஸ் ஒன்றும் மலிவில்லை.

கடைசியில் 600 டிகிரியில் ஐந்து மணி நேரம், 300 நானோமீட்டர். மழைத்தண்ணீரில் பெட்ரோல் மிதப்பது போலப் பச்சையும் ஊதாவுமாக ஒரு துண்டு வந்தது. லேசர் ஒளியை வைத்துப் பொருளை அடையாளம் காணும் ராமன் சோதனையில், 1332 என்ற இடத்தில் வைரத்தின் உச்சி தெரிந்தது, பக்கத்திலேயே கொஞ்சம் கிராஃபைட் மேடும். தடித்த வைரத் தகடு கைச்சூட்டைக் கடத்தி ஐஸை வெட்டும் என்பதால், பார்க்க வருகிற எல்லோரும் "இது ஐஸை வெட்டுமா?" என்பார்கள். இத்தனை மெல்லிய படலம், அதுவும் கண்ணாடி மேல், வெட்டாது. நான் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்துக் காட்டினேன். கிளிப் மறைத்திருந்ததால் பூச்சு விழாத ஓரம் ஒரு மில்லிமீட்டர் பால் போல மங்கியது, உள்ளே ஒரு கீறல் இல்லை.

கைடு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பளபளன்னு இருக்கே, வெளிச்சம் உள்ளே போகுதா?" என்றார். நியாயமான கேள்வி. 1.46 ஒளிவிலகல் எண் கொண்ட குவார்ட்ஸ் மேல் 2.4 கொண்ட வைரம் உட்கார்ந்தால் ஒளி கூடுதலாகத் திரும்பி வரும். ஆனால் படலத்தின் தடிமனுக்குள் அரை அலைகள் மிச்சமின்றி அடங்கினால், அந்த ஒரு நிறத்துக்கு மட்டும் பூச்சே இல்லாதது போல ஒளி கடந்துவிடும். எங்கள் சென்சாருக்கு 520 நானோமீட்டர் பச்சை எல்.ஈ.டி; வைரத்துக்குள் அந்த அலை 2.4 மடங்கு குறுகிவிடும். அடுத்த துண்டு 300 இல்லை, சுமார் 215. விதைத் திரவத்தில் இப்போது ஊறிக்கொண்டிருக்கிறது. போனை வெளியே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.