1,14,000 டாலர் படத்தைத் தேடி ஒரு கல்லறைக்கு

பேருந்திலிருந்தே தொடங்குகிறேன். திரும்பி வந்து இரண்டு நாளாகியும் அந்தக் கோபம் ஆறவில்லை. நியூயார்க்கிலிருந்து பிட்ஸ்பர்க் போகும் இரவுப் பேருந்து பத்தரைக்குக் கிளம்ப வேண்டியது. கிளம்பியது ஒன்றரைக்கு. ஏன் தாமதம் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை, கவுண்டரையும் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஏறி உட்கார்ந்தால் ஹீட்டர் வேலை செய்யவில்லை. நவம்பர் மாதம், பென்சில்வேனியா மலைப்பாதை, ஹீட்டர் இல்லாத பேருந்து! பின்பக்கக் கழிப்பறைக் கதவு ஒவ்வொரு வளைவிலும் திறந்து படார் படாரென்று அடித்துக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு பெரியவர் எழுந்து, தன் பெல்ட்டைக் கழற்றிக் கைப்பிடியோடு இழுத்துக் கட்டினார். அவர் நல்லா இருக்கணும். இதற்கு நான் கொடுத்தது 64 டாலர். இரண்டு நாளுக்கு மொத்தம் 300 டாலர்தான் என்று கணக்குப் போட்டு வந்தவனுக்கு, கிளம்பும்போதே அதில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது.

நியூஜெர்சியில் அண்ணன் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருக்கிறேன். வார இறுதியில் எங்கே போகிறாய் என்று கேட்டார்கள், சொன்னேன். அண்ணிக்கு நம்பவே முடியவில்லை. "தம்பி, சுத்திப் பாக்க எவ்வளவோ இடம் இருக்கு. போயும் போயும் கல்லறைக்கா பஸ் ஏறுறீங்க?" என்றார். ஆமாம் அண்ணி, எனக்குப் பிடித்த ஒரு பேய்ப்படத்தை எடுத்த இடம் அது, அந்தக் கல்லறையைப் பார்க்க பத்து வருஷமாக ஆசை.

'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' 1968-இல் வெளிவந்தது. இயக்கியவர் ஜார்ஜ் ரொமேரோ. செத்தவர்கள் எழுந்து வந்து உயிரோடிருப்பவர்களைத் தின்னும் கதை. பிட்ஸ்பர்க்கில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஒரு சின்னக் கூட்டம், தெரிந்தவர்களிடமெல்லாம் பணம் திரட்டி, சுமார் 1,14,000 டாலரில் எடுத்து முடித்த கறுப்பு வெள்ளைப் படம். நான் முதலில் பார்த்தது கல்லூரி விடுதியில், நண்பனின் லேப்டாப்பில், இணையத்தில் இலவசமாக. அது இலவசமாகக் கிடைத்ததற்குப் பின்னால் ஒரு வருத்தமான கதை இருக்கிறது. படத்துக்கு முதலில் வேறு தலைப்பு வைத்திருந்தார்கள். விநியோக நிறுவனம் தலைப்பை மாற்றியபோது, தலைப்போடு திரையில் இருந்த காப்புரிமை வரியைச் சேர்க்காமல் விட்டுவிட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த வரி இல்லையென்றால் உரிமையும் இல்லை. படம் பொதுச்சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் திரையிடலாம், விற்கலாம். எடுத்தவர்களுக்கு வர வேண்டிய பணம் வரவில்லை. ஆனால் அந்த ஒரு வரி விடுபட்டதால்தான் உலகத்தின் மூலைமுடுக்கெல்லாம் அந்தப் படம் போய்ச் சேர்ந்தது, எங்கள் விடுதி அறை உட்பட.

எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். சரி, இப்போது சொல்லிவிடுகிறேன். கல்லறை இருக்கும் ஊர் எவன்ஸ் சிட்டி, பிட்ஸ்பர்க்குக்கு வடக்கே சுமார் 30 மைல். சொந்தமாகவோ வாடகைக்கோ கார் இருந்தால் முக்கால் மணி நேரம். கார் இல்லையென்றால் செயலி வழியாக வண்டி பிடிப்பது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த வழி. போகும்போது 52 டாலர். அந்தப் பெண் ஓட்டுநர் தங்கமானவர், கல்லறை வாசல் வரை ஏற்றிவிட்டு, "திரும்ப வண்டி கிடைப்பது கஷ்டம், பார்த்துக்கொள்" என்று எச்சரித்துவிட்டும் போனார். நான்தான் காதில் வாங்கவில்லை.

கல்லறை ஒரு குன்றின் மேல் இருக்கிறது. படத்தின் தொடக்கத்தில் ஒரு கார் வளைந்து வளைந்து மேலே ஏறி வருமே, அந்தப் பாதையேதான். படத்தில் அண்ணன் ஜானியும் தங்கை பார்பராவும் அப்பாவின் கல்லறைக்கு மலர் வளையம் வைக்க வருகிறார்கள். ஜானி வழி நெடுக முணுமுணுக்கிறான். இவ்வளவு தூரம் வண்டி ஓட்டணுமா, வருஷா வருஷம் வளையத்துக்குக் காசு செலவழிக்கணுமா, போன வருஷம் வைத்தது எங்கே போச்சு என்று ஒரே புலம்பல். காசு எண்ணிக்கொண்டே பயணம் போகும் எனக்கு ஜானியை முதல் நிமிடத்திலேயே பிடித்துப்போனது. அடுத்த சில நிமிடங்களில் அவன் செத்துவிடுகிறான்.

காலை பதினொரு மணி இருக்கும், வேறு யாருமே இல்லை. காய்ந்த இலைகள் காலுக்கடியில் நொறுங்கின. பார்பரா ஓடிவந்து சாய்ந்துகொள்ளும் கல் இன்னும் நிற்கிறது. கையை வைத்துப் பார்த்தேன், பனிக்கட்டி மாதிரி இருந்தது. அப்போதுதான் என் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி போவதைக் கவனித்தேன். சட்டென்று உடம்பு சிலிர்த்துவிட்டது. கதைப்படி அது வசந்த காலம், பொழுது சாய நேரமாகும் என்று ஜானியே சொல்கிறான். ஆனால் இந்தக் காட்சியை எடுத்தது 1967 நவம்பரில். பேசும்போது ஆவி தெரிந்தால் வசந்தம் பொய்யாகிவிடும். அதனால் நடிகர்கள் மூச்சை அடக்கி அடக்கி வசனம் பேசினார்கள். அதே மாதம், அதே குளிரில், அதே கல்லுக்குப் பக்கத்தில் நின்று நானும் மூச்சை அடக்கிக்கொண்டு ஜானியின் வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். நாலு வார்த்தை கூட முடியவில்லை, நெஞ்சு அடைத்தது. அந்தக் காட்சியில் அவர்கள் பேச்சில் இருக்கும் ஒரு விறைப்பு, ஒரு அவசரம், எனக்கு எப்போதுமே பயமாக இருக்கும். அதில் பாதி குளிர் கொடுத்ததோ என்று அங்கே நின்றபோது தோன்றியது.

கல்லறைக்குள் இருக்கும் சின்னத் தேவாலயத்தையும் படத்தில் பார்க்கலாம். ஒரு கட்டத்தில் இடிந்து விழும் நிலைக்கு வந்துவிட்டது. ரசிகர்களும் படக்குழுவைச் சேர்ந்தவர்களும் பணம் திரட்டிச் சீர் செய்தார்கள். அதன் படியில் உட்கார்ந்து, அண்ணி கட்டிக் கொடுத்த இட்லியைச் சாப்பிட்டேன். படத்தின் முக்கால் பங்கு நடக்கும் பண்ணை வீடு இப்போது இல்லை. எடுக்கும்போதே இடிக்கக் காத்திருந்த வீடு அது. அதனால்தான் கதவைப் பெயர்த்து ஜன்னலில் ஆணி அடித்தபோது யாரும் நஷ்ட ஈடு கேட்கவில்லை.

இந்த மாதிரிக் குறைந்த செலவுப் பேய்ப்படங்கள் மேல் எனக்கு ஏன் இவ்வளவு பைத்தியம் என்றால், காசு இல்லாததுதான் இவற்றின் கதையையே செய்திருக்கிறது. நாடே அழிவதைக் காட்ட ரொமேரோவிடம் பணம் கிடையாது. அதனால் ஒரு வீடு, அதற்குள் ஏழு பேர், ஒரு வானொலி, ஒரு தொலைக்காட்சி. தொலைக்காட்சியில் வரும் செய்தியாளர் பில் கார்டில், நிஜமாகவே பிட்ஸ்பர்க் தொலைக்காட்சியில் இருந்தவர். வெளியே மெதுவாக நடந்து வரும் பிணங்களாக நடித்ததில் பலர் அக்கம்பக்கத்து ஜனங்கள். ரத்தம் என்று நாம் பார்ப்பது சாக்லேட் சிரப். வெளியே பெரிதாகக் காட்ட ஒன்றுமில்லாததால் கேமரா உள்ளே திரும்புகிறது. உள்ளே இருப்பவர்கள் அடித்துக்கொள்கிறார்கள். நிலவறைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொள்ளலாம் என்கிறார் கூப்பர். அது எலிப்பொறி, தப்பிக்க வழியில்லை, மேலேயே இருந்து சமாளிப்போம் என்கிறான் பென். பத்து வருஷத்துக்கு முன்னால் நான் பென் பக்கம். கூப்பரைக் கண்டாலே எரிச்சல். மறுபடி மறுபடி பார்த்த பிறகுதான் உறைத்தது: கடைசியில் அந்த இரவில் பென்னைக் காப்பாற்றுவது அதே நிலவறைதான். கூப்பர் சொன்னது சரி, சொன்ன விதம் தப்பு. எத்தனை குடும்பத்தில், எத்தனை அலுவலகத்தில் இதைப் பார்த்திருக்கிறோம்.

அப்புறம் பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸ். அவர் கறுப்பினத்தவர். திரைக்கதையில் இனம் பற்றி ஒரு வரி கிடையாது, நடிப்புத் தேர்வில் அவர்தான் சிறப்பாகச் செய்தார் என்பதால் எடுத்தோம் என்று ரொமேரோ பலமுறை சொல்லியிருக்கிறார். படத்தை முடித்து, பிரதியைக் காரில் வைத்துக்கொண்டு நியூயார்க் போகும் வழியில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தியை வானொலியில் கேட்டார்களாம். 1968 ஏப்ரல் 4. அந்தச் செய்தியைக் கேட்ட அமெரிக்கா, பென்னின் முடிவை வேறு எப்படிப் பார்த்திருக்க முடியும்?

இதே மாதிரிதான் 1974-இல் டோப் ஹூப்பர் எடுத்த 'தி டெக்சஸ் செயின் சா மாசக்கர்'. கொலைகாரனுக்கு ஒரே ஒரு சட்டை, துவைக்கக்கூட முடியாமல் டெக்சஸ் வெயிலில் எடுத்தார்கள். ரத்தம் கொட்டும் படம் என்று பெயர், பார்த்தால் ரத்தம் கொஞ்சம்தான். உண்மையில் அது இறைச்சிக்கூடத்தில் இயந்திரம் வந்து வேலை போன ஒரு குடும்பத்தின் கதை. ஜான் கார்பென்டரின் 'ஹாலோவீன்' படத்தில் கலிபோர்னியாவை இலையுதிர்கால இல்லினாயாகக் காட்ட, சாயம் பூசிய காகித இலைகளைத் தெருவில் தூவினார்கள். காட்சி முடிந்ததும் பொறுக்கிப் பையில் போட்டு, அடுத்த தெருவில் மறுபடி தூவினார்கள். இதையெல்லாம் நினைக்கும்போது எனக்குக் கண் கலங்கும். இல்லாமையை இவ்வளவு அக்கறையோடு கையாண்டவர்கள் இவர்கள்.

மணி ஒன்றரை. திரும்பலாம் என்று செயலியைத் திறந்தால் வண்டியே இல்லை. நாற்பது நிமிடம் சுற்றிக்கொண்டே இருந்தது திரை. ஊருக்குள் நடந்து இறங்கி, ஒரு கடையில் கேட்டு, ஒரு டாக்சி எண்ணை வாங்கி அழைத்தேன். 70 டாலர் என்று பேசி ஏறினேன். பிட்ஸ்பர்க்கில் இறங்கும்போது 95 கேட்டார். வர எடுத்துக்கொண்ட நேரத்துக்குக் காத்திருப்புக் கட்டணமாம்! காத்திருந்தது நான். வாதாடிப் பார்த்தேன், என் பை பின்பக்க டிக்கியில் இருந்தது, அதைத் திறக்க மாட்டேன் என்றார். கொடுத்துவிட்டேன். இது பகல் கொள்ளை, வேறு பெயர் இல்லை. போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன்: இரண்டு பேர் சேர்ந்து கார் வாடகைக்கு எடுங்கள், இல்லையென்றால் ஏற்றிச் செல்லும் ஓட்டுநரிடமே திரும்பும் நேரத்தையும் பேசிவிடுங்கள்.

இரவு விடுதி 58 டாலர், படுத்தேன், எழுந்தேன். மறுநாள் காலை பிட்ஸ்பர்க்கின் புறநகரான பென் ஹில்ஸில் இருக்கும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கோயிலுக்குப் போனேன். 1977-இல் கும்பாபிஷேகம் நடந்த கோயில், அமெரிக்காவின் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. தரிசனம் முடித்துக் கீழே உணவகத்துக்கு வந்தேன். அந்தப் புளியோதரையைப் பற்றி எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. நல்லெண்ணெய் வாசனை தட்டுக்கு முன்னால் வந்தது. கடலைப் பருப்பு வாயில் நறுக்கென்று உடைந்தது, ஒரு வறுத்த மிளகாய் முழுசாக மேலே கிடந்தது. சோறு உதிரி உதிரியாக, ஒவ்வொரு பருக்கையும் புளிக்காய்ச்சல் ஏறிப் பழுப்பாக. பக்கத்தில் ஒரு கிண்ணம் தயிர் சாதம். இரண்டு நாள் குளிரும் டாக்சிக்காரரும் அந்த ஒரு தட்டில் மறந்துபோனார்கள். இரண்டாவது தட்டும் வாங்கினேன்.

அங்கிருந்து மன்ரோவில் மால் கிட்டத்தில்தான். கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்த அதே 1977-இன் கடைசியில் ரொமேரோ இந்த மாலுக்குள் அடுத்த பிணப்படமான 'டான் ஆஃப் தி டெட்' எடுக்கத் தொடங்கினார். கடைகள் மூடிய பிறகு இரவு முழுவதும் படப்பிடிப்பு, காலையில் கடை திறக்குமுன் துடைத்துச் சுத்தம் செய்து கொடுத்துவிட வேண்டும். கிறிஸ்துமஸ் அலங்காரம் வந்ததும் நிறுத்தி, அதைக் கழற்றிய பிறகு தொடர்ந்தார்கள். செத்த பிறகும் ஜனங்கள் பழக்க தோஷத்தில் மாலுக்கே வருகிறார்கள் என்பதுதான் கதை. படத்தில் வரும் பனிச்சறுக்குத் தளம் இன்று இல்லை, அந்த இடத்தில் சாப்பாட்டுக் கடைகள் வந்துவிட்டன. 2018-இல் வைத்த ரொமேரோவின் மார்பளவு வெண்கலச் சிலை இருக்கிறது, பெரிய மூக்குக் கண்ணாடியோடு. நான் போனபோது ஒரு சிறுமி அதன் மூக்கைத் தடவிவிட்டு ஓடினாள். நிறையக் கடைகள் மூடிக் கிடந்தன. 2025-இல் வால்மார்ட் இந்த வணிக வளாகத்தை வாங்கியிருக்கிறது, இடித்துக் கட்டுவார்கள் என்று பேச்சு. பார்க்க நினைப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள். மாலிலிருந்து நகரத்துக்கு மாநகரப் பேருந்தில் வெறும் இரண்டே முக்கால் டாலர்.

திரும்பும் பேருந்து நேரத்துக்கு வந்தது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மொத்தச் செலவு 380 டாலரைத் தாண்டிவிட்டது.

நேற்று இரவு அண்ணி, "அப்படி என்னதான் இருக்கு அந்தப் படத்துல, போடுங்க பாப்போம்" என்றார். மூன்று பேரும் உட்கார்ந்தோம். நிலவறைச் சண்டை வந்ததும் அண்ணி நிமிர்ந்தார். "அந்த ஆளு சொல்றதுதானே தம்பி சரி? ஒரே கதவு, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டா முடிஞ்சுது." எனக்குப் பத்து வருஷம் பிடித்தது, அண்ணிக்கு ஒரே பார்வை. விடிகிறது, துப்பாக்கியோடு ஆட்கள் வருகிறார்கள், காப்பாற்ற வந்துவிட்டார்கள் என்று பென் நிலவறையிலிருந்து ஏறி ஜன்னலுக்கு வருகிறான். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் அவனையும் பிணம் என்றே நினைத்து நெற்றியில் சுடுகிறார்கள். அதற்குப் பிறகு அசையாத புகைப்படங்கள், செய்தித்தாளில் வருவது போல் புள்ளி புள்ளியாக. கொக்கி, கைகள், விறகுக் குவியல், பென்னின் முகம்.

அண்ணன் ரிமோட்டை எடுத்தார். "இருங்க, முழுசா முடியட்டும்" என்றார் அண்ணி.