பால்மரச் சொற்களுக்கு ஒரு பக்கம்

முதல் வாரம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை பிற்பகல் முழுவதும் மழை. அத்தையைப் பேசவிட்டு, அவர் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய காலத்துச் சொற்களை நோட்டில் எழுதிக்கொண்டேன். 46 சொற்கள். அவர் வேலை செய்த தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. இச்சொற்களை வலைப்பக்கமாக்கவே, அதை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல். படிக்கத் தொடங்கினேன்.

அன்றிரவே பக்கம் ஓடியது. சொல்லைத் தடித்த எழுத்தாக்கி, வரியை உடைத்து, கீழே பொருளை எழுதினேன். பார்க்க அழகாகவே இருந்தது.

இரண்டாம் வாரம். இணையத்தில் ஏற்றி அத்தையின் கைப்பேசியில் திறந்தால், தமிழே இல்லை. தலையில் கோடும் புள்ளியும் சுமந்த அயல் எழுத்துகள். என் கணினியில் மட்டும் சரியாகத் தெரிந்திருக்கிறது. கணினி எழுத்துகளைப் பைட் என்னும் சிறு அலகுகளில் சேமிக்கிறது. அதற்கான யூ.டி.எஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். ‘மங்கு’ (பால் பிடிக்கும் கிண்ணம்) என்ற சொல்லில் மெய்ப்புள்ளியும் உகரக்குறியும் சேர்த்து ஐந்து குறியீடுகள், ஆக 15 பைட். எந்த முறையில் எழுதியிருக்கிறோம் என்று சொல்லாவிட்டால், உலாவி அந்த 15ஐயும் தனித்தனி எழுத்தாகப் படித்துவிடுகிறது. அதைச் சொல்லும் வரி கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் வர வேண்டும் என்பது விதி. நானோ உச்சியில் தோட்டத்தைப் பற்றி நீண்ட குறிப்பு எழுதியிருந்தேன். தமிழில் 350 குறியீடுகள் போதும், அந்த இடம் தீர்ந்துவிடும். குறிப்பைக் கீழே இறக்கி, அந்த வரியைத் தலைப்பகுதியின் முதலில் வைத்தேன். கூடவே கைப்பேசித் திரையின் அகலத்துக்கான வரியையும் சேர்த்தேன்.

மூன்றாம் வாரம்தான் உண்மையான பாடம். அத்தைக்குக் கண்புரை, திரையை வாசித்துக் காட்டும் வசதியைப் போட்டுக் கொடுத்தேன். தலைப்புகளைத் தாவித் தாவிக் கேட்கலாம் என்றேன். தாவ ஒன்றுமே இல்லை! தடித்த எழுத்து கண்ணுக்குத்தான் தலைப்பு. இயந்திரத்துக்கு அது வெறும் தடித்த எழுத்து. எது தலைப்பு, எது பத்தி, எது பட்டியல் என்று சொல்வதுதான் எச்.டி.எம்.எல்.; நிறமும் அளவும் சி.எஸ்.எஸ். பார்த்துக்கொள்ளும்.

எல்லாவற்றையும் கலைத்தேன். ‘கருவிகள்’, ‘பால் வகைகள்’, ‘ஆட்கள்’ மூன்றும் இரண்டாம் நிலைத் தலைப்புகள் ஆயின. சொற்களுக்கு டி.எல். என்னும் விளக்கப் பட்டியல். அதில் சொல்லுக்கு ஒரு குறிச்சொல் (இது இன்னது என்று உலாவிக்குச் சொல்லும் அடையாளம்), பொருளுக்கு இன்னொன்று. இரண்டு சொற்கள் ஒரே பொருளைப் பகிரலாம் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி: பெரட்டு, பிரட்டு என இரு விதமாகவும் சொல்கிறார்கள், விடிகாலை ஆள் கணக்கெடுப்பு என்ற பொருளை ஒருமுறை எழுதினால் போதும். பக்கத்தின் மொழி தமிழ் என்று முதல் குறிச்சொல்லிலேயே அறிவித்ததும், வாசிக்கும் குரலும் தமிழுக்கு மாறியது.

கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டு நட்ட ரப்பர் மரத்தை நான் எடுத்த படம் ஒன்றும் உண்டு. படத்துக்குப் பதிலாக வாசித்துக் காட்டப்படும் மாற்று உரையில் முதலில் ‘மரம்’ என்று மட்டும் எழுதியிருந்தேன். இப்போது அதன் ஊரும் ஆண்டும் அங்கே இருக்கின்றன.

நேற்று அத்தை கண்ணை மூடிக்கொண்டு பட்டியல் முழுவதையும் கேட்டார். “ஒட்டுப்பாலையும் கட்டிப்பாலையும் ஒன்றாகப் போட்டிருக்கிறாயே, அய்யா. வெட்டுக்காயத்தில் காய்ந்து ஒட்டியிருப்பது ஒட்டுப்பால். மங்கிலேயே உறைந்துபோனது கட்டிப்பால்” என்றார். பிரித்துவிட்டேன். இப்போது 47.